முட்டியில் ஊசி போட்ட பின் வீங்கினால் ஆன்டிபயாடிக் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு மூட்டு வெளிநோயாளர் பிரிவில் பல வருஷமாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். முழங்கால் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு போனவர்கள் மறுநாளோ அதற்கு மறுநாளோ ஃபோன் செய்து கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை போட்டு முடித்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை எப்படியாவது மாற்ற வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நேத்துதான் முட்டியில ஊசி போட்டாங்க. இன்னிக்கு வீங்கிப் போய் காலை மடக்க முடியல. கிருமி போயிடுச்சா டாக்டர்?

பெரும்பாலும் இல்லை. ஊசி போட்ட சில மணி நேரத்திலேயோ, அன்று ராத்திரியோ, மறுநாள் காலையிலோ தொடங்கும் வீக்கம் அநேகமாக ஊசி மருந்துக்கு மூட்டு காட்டும் எதிர்ப்புதான். ஸ்டீராய்டு ஊசி என்றால் இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். முதல் நாள் ராத்திரி வலி ஊசிக்கு முந்தைய வலியைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதனால்தான் பயந்து போகிறார்கள்.

உண்மையான கிருமித் தொற்று மிக அரிது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும்: மூவாயிரம் ஊசிக்கு ஒன்று என்பவர்களும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்பவர்களும் உண்டு. அரிது என்பதற்காக அலட்சியமாக இருக்க முடியாது, ஏனென்றால் வந்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். ஆக, இது எதிர்ப்பா தொற்றா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாத்திரை அதற்கு அப்புறம்.

கிருமி இல்லேன்னா ஏன் இப்படி அனலா கொதிக்குது? தொட்டாலே சுடுதே?

சூடு, சிவப்பு, வீக்கம், வலி இந்த நாலும் அழற்சியின் அடையாளம். அழற்சியைக் கிருமியும் கிளப்பும், கிருமியே இல்லாத வேறு பொருளும் கிளப்பும். நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'இன்ஃபெக்ஷன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மூட்டில் போடும் ஸ்டீராய்டு மருந்து தண்ணீர் மாதிரி இருக்காது. குலுக்கினால் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கும். அந்த வெள்ளை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள். மூட்டின் உள்சவ்வில் இருக்கும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கப் போய்த்தான் சண்டை மூளுகிறது. 1962-ல் அமெரிக்காவில் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரண்டு மருத்துவர்கள், கவுட் என்கிற மூட்டு நோயில் வரும் யூரேட் படிகத்தைத் தங்கள் சொந்த முழங்காலிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் தாங்க முடியாத வலியும் வீக்கமும் வந்தன. உள்ளே போனது கிருமி நீக்கிய சுத்தமான படிகம் மட்டும்தான். 1964-ல் மெக்கார்ட்டி இன்னொருவரோடு சேர்ந்து ஸ்டீராய்டு படிகங்களும் இதே வேலையைச் செய்யும் என்று காட்டினார். கொதிக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கிருமி என்று முடிவு கட்ட முடியாது என்பது 60 வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

எனக்கு என்ன ஊசி போட்டாங்கன்னே தெரியாதே. எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை. சீட்டில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் போட்ட இடத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஸ்டீராய்டு (டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரட்னிசோலோன்) என்றால் மேலே சொன்ன கணக்கு: ஒரு நாளுக்குள் தொடங்கும், மூன்று நாளுக்குள் அடங்கும். சிலருக்கு முகமும் கழுத்தும் சிவந்து சூடாகும். அது காய்ச்சலோ அலர்ஜியோ இல்லை, ஸ்டீராய்டு செய்யும் வேலை, ஓரிரு நாளில் போய்விடும்.

'ஜெல் ஊசி' என்கிற ஹயலூரானிக் அமிலம் வேறு மாதிரி. முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகாமல் இரண்டாவது மூன்றாவது ஊசிக்கு, அல்லது அடுத்த வருஷம் மறுபடி போடும்போது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கும். பார்க்க அச்சு அசல் சீழ் பிடித்த மூட்டு மாதிரியே இருக்கும். அடங்க ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். அநியாயமாக ஆன்டிபயாடிக் அதிகம் எழுதப்படுவது இந்த ஊசிக்குத்தான்.

மூன்றாவது பி.ஆர்.பி., உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி அதன் தட்டணுக்களைத் திரும்ப ஏற்றுவது. இதில் சில நாள் வலியும் வீக்கமும் இருப்பது எதிர்பார்த்ததுதான்.

சரி, அப்போ எப்போதான் பயப்படணும்? எப்போ ஓடி வரணும்?

நாள் கணக்கைக் கவனியுங்கள். எதிர்ப்பு சீக்கிரம் வந்து நாளுக்கு நாள் குறையும். தொற்று பெரும்பாலும் மூன்றாவது நான்காவது நாளுக்கு மேல் தலைதூக்கி நாளுக்கு நாள் ஏறும், சிலருக்கு ஓரிரு வாரம் கழித்துக்கூட வரும். ஆக மூன்று நாள் தாண்டியும் குறையாத வீக்கம், நன்றாக இருந்து நான்காம் நாளுக்கு மேல் புதிதாக வந்த வீக்கம், காலைத் தரையில் ஊன்றவே முடியாமை, படுத்த இடத்தில் யாராவது காலை லேசாக அசைத்தாலே அலறும் அளவு வலி, ஊசி குத்திய இடத்தில் கசிவு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்று தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ருமட்டாய்டு வாதம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், ஏற்கெனவே முட்டி மாற்று அறுவை செய்தவர்கள், இவர்கள் மூன்று நாள் காத்திருக்கவே வேண்டாம். வீக்கம் என்றதும் வந்து காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் இல்லையே. அப்போ கிருமி இல்லைதானே?

இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூட்டில் உண்மையிலேயே கிருமி இருந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்களுக்குத்தான் காய்ச்சல் இருந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். போட்ட ஊசி ஸ்டீராய்டு என்றால் அதுவே அடையாளத்தை அமுக்கும். பாரசிட்டமால் ஆறு மணிக்கு ஒன்று போட்டுக்கொண்டு 'காய்ச்சல் இல்லை' என்று சொல்வதிலும் பொருள் இல்லை.

எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஆன்டிபயாடிக் போட்டு வச்சா என்ன குறைஞ்சு போயிடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கிருமி இல்லாத வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, படிகத்தைக் கொல்ல முடியாது. இது பாதிக் கதைதான். உண்மையில் கிருமி இருந்தால் இன்னும் மோசம். மூட்டுக்குள் இருக்கும் கிருமியை வாய்வழி மாத்திரை முழுசாகத் தீர்க்காது, ஆனால் அதை மயங்க வைக்கும். வலி கொஞ்சம் குறையும், காய்ச்சல் விடும், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே குருத்தெலும்பு கரைந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் கழித்து வந்து நாங்கள் மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் அதில் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு ஆட்டோ ஓட்டுநர் ஞாபகம் வருகிறார். ஐம்பது வயசு, சர்க்கரை உண்டு. ஊசி போட்ட ஐந்தாவது நாள் முட்டி வீங்கியிருக்கிறது. தெரிந்த கடையில் செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் போட்டிருக்கிறார், குறைந்த மாதிரி இருந்ததாம், வண்டியும் ஓட்டினார். பத்தாவது நாள் வந்தபோது சிரிஞ்சில் வந்தது கெட்டியான மஞ்சள் சீழ். இரண்டு முறை வளர்த்துப் பார்த்தும் கிருமி எதுவென்று பிடிபடவில்லை. மூன்று தடவை மூட்டைக் கழுவி, ஆறு வாரம் மருந்து ஏற்றி, கடைசியில் கால் முழுசாக மடங்காமலே வீட்டுக்குப் போனார். முதல் நாளே மாத்திரை இல்லாமல் வந்திருந்தால் ஒரு கழுவலோடு முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உடம்புக்கு வரும் கெடுதல் தனி. வயிற்றுப்போக்கு, தடிப்பு எல்லாம் தெரிந்ததே. லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் குதிகால் தசைநாரைப் பாதித்து அறுந்துபோகச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். முட்டி ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களில் எத்தனை பேர் 60 தாண்டியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் மருந்துக்கு அடங்காத கிருமிகள்: 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக அவற்றால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று போட்ட மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க? மறுபடி ஊசியா? நீர் எடுத்தே ஆகணுமா?

இரண்டாம் நாளே குறையத் தொடங்கிய வீக்கத்துக்கு வேண்டாம். சந்தேகம் வந்துவிட்டால் வேண்டும், அதற்கு மாற்று எதுவும் இல்லை. முதல் சில நாளில் எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் நீர் இருக்கிறது என்று சொல்லும், அந்த நீரில் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

பயப்படும் அளவுக்கு வலிக்காது. தோலைச் சுத்தம் செய்து, மரத்துப்போகும் மருந்து போட்டு, பக்கவாட்டில் ஊசியை நுழைத்து இழுப்போம், ஐந்து நிமிஷ வேலை. போன வருஷம் ஒரு பாட்டி, மூன்றாவது ஜெல் ஊசி போட்ட மறுநாள், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். கையில் மஞ்சள் பையில் இரண்டு வகை ஆன்டிபயாடிக் அட்டை, நல்லவேளையாக இன்னும் பிரிக்கவில்லை. நாற்பது மில்லி எடுத்தேன். வைக்கோல் நிறத்தில் லேசாகக் கலங்கியிருந்தது. சிரிஞ்சை மேசையில் கிடந்த தினத்தாளின் மேல் பிடித்துக் காட்டினேன், பெரிய எழுத்துத் தலைப்பு மங்கலாகத் தெரிந்தது, சின்ன எழுத்து தெரியவில்லை. நல்ல மூட்டு நீர் வழியாகப் பார்த்தால் சின்ன எழுத்தையும் படிக்கலாம், சீழாக இருந்தால் எதுவுமே தெரியாது. இது நடுவில் நின்றது. ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பாட்டி "பாரம் இறக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று காலை நீட்டினார். நீரை எடுப்பதே பாதி வைத்தியம்.

அந்த நீர்ல என்னதான் பாப்பீங்க?

நான்கு விஷயம். வெள்ளணுக்கள் எத்தனை, எந்த வகை. கிராம் சாயம் ஏற்றி உருப்பெருக்கியில் கிருமி தெரிகிறதா. கல்ச்சரில் வளர்கிறதா. படிகம் இருக்கிறதா. இந்த நான்காவதைப் பல இடங்களில் கேட்பதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். ஊசி குத்திய அதிர்ச்சியிலேயே உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கவுட்டோ, கால்சியம் படிகம் கிளப்பும் போலிக் கவுட்டோ விழித்துக்கொள்வது உண்டு. ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்டீராய்டு போட்ட மூட்டில் ஸ்டீராய்டு படிகமும் தெரியும், எனவே என்ன ஊசி என்பதை ஆய்வுக்கூடச் சீட்டில் எழுத வேண்டும். எந்த ஊசி என்று தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும்தான்.

நீரில் ஒரு பகுதியை ரத்தக் கல்ச்சர் குப்பியிலேயே அங்கேயே செலுத்திவிட்டால் கிருமி வளரும் வாய்ப்பு கூடும். உறையாமல் இருக்க அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய். வெறும் சிரிஞ்சோடு உறவினர் கையில் கொடுத்து அனுப்பி, அது பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் போய்ச் சேர்ந்தால் ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

ரிப்போர்ட்ல செல் 40,000-ன்னு போட்டிருக்கு. இது கிருமிதானே?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளணு இரண்டாயிரத்துக்குக் கீழ் என்றால் அழற்சி இல்லை, அதற்கு மேல் ஐம்பதாயிரம் வரை அழற்சி, ஐம்பதாயிரம் தாண்டினால் கிருமியைப் பலமாகச் சந்தேகி என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் கவுட் மூட்டில் எழுபதாயிரம் பார்த்திருக்கிறேன், கிருமி இல்லை. ஜெல் ஊசி எதிர்ப்பிலும் பல்லாயிரம் போகும். மறுபக்கம், கிருமி இருந்தும் முப்பதாயிரத்தில் நின்ற மூட்டுகளும் உண்டு. படிகம் தெரிந்துவிட்டது என்பதால் கிருமி இல்லை என்றும் ஆகாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

கிராம் சாயத்தில் 'கிருமி இல்லை' என்று வந்தாலும் அது முழு நிம்மதி இல்லை, உண்மையான தொற்றில்கூடப் பாதிக்கு மேல் அதில் தெரிவதில்லை. எண், சாயம், எத்தனையாவது நாள், உங்கள் முகம், கால் அசைவு, இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "மாத்திரை வேணுமா வேணாமா" என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

ரத்த டெஸ்ட்டுல சி.ஆர்.பி. ஏறியிருக்குன்னு லேப்ல சொன்னாங்க. அது இன்ஃபெக்ஷன்தான்னு அர்த்தமாமே?

சி.ஆர்.பி. அழற்சியின் அளவுகோல், கிருமியின் அளவுகோல் இல்லை. கவுட்டில் ஏறும், ருமட்டாய்டில் ஏறும், ஜெல் ஊசி எதிர்ப்பிலும் ஏறும். ஒரு தடவை பார்த்த எண்ணைவிட இரண்டு நாள் இடைவெளியில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் உதவும். அலகையும் பாருங்கள்: சில ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு மி.கி. என்றும், சில டெசிலிட்டருக்கு என்றும் போடுகின்றன, இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு கூடத்தில் 2.4, மறுநாள் இன்னொரு கூடத்தில் 24 என்று பார்த்து அலறி வந்தவரிடம் எதுவுமே மாறியிருக்கவில்லை.

ரத்த வெள்ளணு எண்ணிக்கையும் அப்படியே, ஸ்டீராய்டே அதை ஏற்றிவிடும்.

கல்ச்சர் வர மூணு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?

இல்லை. நீர் எடுத்த பிறகு இரண்டு பாதை. நிலவரம் எதிர்ப்பு மாதிரிதான் இருக்கிறது, நீரும் அப்படியே சொல்கிறது, நோயாளி திடமாக இருக்கிறார் என்றால் ஐஸ், ஓய்வு, வலி மாத்திரையோடு வைத்துக்கொண்டு தினம் ஒரு தடவை பார்ப்போம். கல்ச்சர் சுத்தம் என்று வந்தால் கதை முடிந்தது. தேவைப்பட்டால் அழற்சியை அடக்க மருந்தைக் கூட்டலாம்.

நீர் சீழாக இருந்தாலோ சந்தேகம் பலமாக இருந்தாலோ கல்ச்சருக்காகக் காத்திருக்க மாட்டோம். மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக் கல்ச்சரும் எடுத்து, அன்றைக்கே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கி மூட்டைக் கழுவ ஏற்பாடு செய்வோம். ரத்த அழுத்தம் விழுந்து, நடுக்கம், பிதற்றல் என்று வந்தவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கல்ச்சர் சுத்தமாக வந்து வேறு காரணமும் தெளிவானால் தொடங்கியதை நிறுத்திவிடலாம், தவறே இல்லை. தேவையானவருக்கு ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. நான் ஆன்டிபயாடிக்குக்கே எதிரி என்று இதைப் படித்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

வீட்டுல என்ன பண்ணலாம்? எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டுமா?

அந்த மூன்று நாளும் எண்ணெய் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. காலை நீட்டி ஓய்வு. சம்மணம், குத்துக்கால், இந்தியக் கழிப்பறை, மாடிப்படி எல்லாம் தள்ளி வையுங்கள். ஊசித் துளையின் மேல் பற்று, மஞ்சள் அரைத்த விழுது எதுவும் போட வேண்டாம், வெளியிலிருந்து கிருமியை நாமே அழைத்து வருவதாகிவிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், எடோரிகாக்சிப் வகைகள் நன்றாகக் கேட்கும், ஆனால் சிறுநீரகம், இதயம், வயிற்றுப்புண், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். பி.ஆர்.பி. போட்டவர்களைப் பொதுவாக இந்த வகையை எடுக்க வேண்டாம் என்போம்.

எனக்கு சுகர் இருக்கு. அப்போ எனக்காவது முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேணும்ல?

வேண்டாம். சாதாரண மூட்டு ஊசிக்கு முன்போ பின்போ தடுப்புக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கமான மருத்துவ முறை இல்லை. தொற்றைத் தடுப்பது சுத்தம்: குளோர்ஹெக்சிடினோ போவிடோன் அயோடினோ தடவி, அது காயும் வரை பொறுத்து, துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவாமல், ஒரே நோயாளிக்குப் பிரித்த மருந்தை மட்டும் போடுவது. தோலில் கொப்புளமோ சிரங்கோ இருந்தால் அந்த இடத்தில் ஊசியே குத்தக் கூடாது. இதை எல்லாம் நீங்கள் கண்ணால் பார்க்கலாம், கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை.

ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள், ஒரு வாரம் வரைகூட, சர்க்கரை ஏறும். அந்த ஏற்றத்தைக் கிருமியின் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள், தினம் பார்த்து உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். லீவோஃப்ளாக்சசின் வகை சர்க்கரையை ஏற்றவும் செய்யும், கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் திடீரென்று இறக்கவும் செய்யும்.

போன தடவை ரெண்டு மாத்திரை போட்டேன், வீக்கம் கடகடன்னு வடிஞ்சுதே?

எத்தனையாவது நாள் வடிந்தது? மூன்றாவது நாள் என்றால் மாத்திரை இல்லாமலும் அன்றைக்குத்தான் வடிந்திருக்கும். முதல் பதிலில் சொன்ன கணக்கைப் பாருங்கள். அதோடு கடைக்காரர் ஆன்டிபயாடிக்கோடு ஒரு வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருப்பார். வேலை செய்தது அது, பேர் வாங்கியது இது.

இப்போ ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டேன். கோர்ஸை முடிக்கணுமா, நிறுத்தணுமா?

நீங்களாக ஆரம்பித்தது என்றால் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், அடுத்த மாத்திரைக்கு முன்பே வாருங்கள். எத்தனை போட்டீர்கள், கடைசியாக எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொன்னால் கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று எங்களுக்குத் தெரியும். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். 'கோர்ஸை முடிக்க வேண்டும்' என்பது இருக்கிற தொற்றுக்குச் சொன்னது. இல்லாத தொற்றுக்கு முடிக்க எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாத தொற்றுதான் என்பதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

கடையில கேட்டா கொடுக்கிறாங்களே, தப்புன்னா ஏன் கொடுக்கிறாங்க?

சட்டப்படி கொடுக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் எல்லாமே சீட்டுக்குத்தான். செஃபிக்சைம் மாதிரி மூன்றாம் தலைமுறை மருந்துகள் 2014 மார்ச் 1 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள், சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதுதான் அந்தக் கோட்டின் செய்தி. கேட்பவர் நின்றால் கொடுப்பவரும் நிற்பார்.

டாக்டரே எழுதிக் கொடுத்தா நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கேளுங்கள். "சார், இது கிருமின்னு நினைக்கிறீங்களா, மருந்தோட எதிர்ப்புன்னு நினைக்கிறீங்களா? கிருமின்னா மாத்திரைக்கு முன்னாடி நீர் எடுத்துப் பாக்கலாமா?" இந்த இரண்டு கேள்வி போதும். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டத்தில், பயத்தில், நோயாளி எதிர்பார்க்கிறாரே என்று எழுதிவிடுவது எங்களுக்கும் நடக்கிறது. "எதுவும் எழுதாம அனுப்பிட்டாரு" என்ற பேச்சுக்குப் பயந்து எழுதிய நாட்கள் எனக்கும் ஆரம்பத்தில் இருந்தன.

அம்மாவுக்கு ஒரு முட்டி ஆபரேஷன் பண்ணி மாத்தியாச்சு. அந்தக் கால்லதான் இப்போ வீக்கம். இதே விதிதானா?

இன்னும் கடுமையான விதி. செயற்கை மூட்டின் உலோகத்தில் கிருமி படலமாக ஒட்டிக்கொள்ளும், மாத்திரை அதைத் தொடாது, கண்டுபிடிப்பதை மட்டும் கெடுக்கும். ஒரு மாத்திரைகூடப் போடாமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே போங்கள். நீரில் அணு எண்ணிக்கையின் வரம்பும் இங்கே வேறு: நாட்பட்ட தொற்றுக்கு மூவாயிரமே சந்தேகத்துக்குப் போதும், மேலே சொன்ன ஐம்பதாயிரம் கணக்கு செல்லாது. இன்னொரு கால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் வேண்டாம், தொற்று வாய்ப்பு கூடுகிறது.

மூணு மாசமா வீக்கம். ஊசி போட்டாச்சு, ரெண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் ஆச்சு. குறையுது, திரும்ப வருது. இது என்ன?

இதுதான் எனக்கு உள்ளூரக் கலக்கம் தரும் கேள்வி. நம் நாட்டில் ஒற்றை மூட்டு மெல்ல வீங்கி, தொடை தசை இளைத்து, மாலையில் லேசாகக் காய்ச்சல் அடித்தால் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. மூட்டில் காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு போட்டால் கொஞ்ச நாள் சுகமாகி அப்புறம் பரவும். அதன் மேல் லீவோஃப்ளாக்சசின் கொடுத்தால், அந்த வகை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் என்பதால், நோய் பாதி ஒளிந்துகொண்டு கண்டுபிடிப்பது மாதக் கணக்கில் தள்ளிப்போகும், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். மூன்றாவது கோர்ஸ் தொடங்க வேண்டாம். நீரும், முடிந்தால் உள்சவ்வின் ஒரு துண்டும் எடுத்து, சாதாரணக் கல்ச்சரோடு காசநோய்க்கான மரபணுச் சோதனையும் கல்ச்சரும் கேளுங்கள்.

இவ்வளவு ஆன பிறகு இனிமே ஊசியே போடக் கூடாதா?

ஸ்டீராய்டுக்கு ஒரு தடவை எதிர்ப்பு வந்தவருக்கு அடுத்த தடவையும் வரும் என்று கட்டாயம் இல்லை. வேண்டுமானால் வேறு ஸ்டீராய்டு பார்க்கலாம், அடுத்த இரண்டு நாள் ஐஸும் ஓய்வும் முன்னதாகவே திட்டமிடலாம். ஜெல் ஊசிக்குப் பெரிய எதிர்ப்பு வந்தவருக்கு அதே ஜெல்லை மறுபடி நான் போட மாட்டேன். அந்தப் பாட்டியின் கல்ச்சர் ஐந்து நாள் வைத்தும் சுத்தமாகவே வந்தது. ஜெல்லின் பெயரையும் தேதியையும் அவர் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பிரிக்காத இரண்டு அட்டைகளையும் மகன் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பாட்டி இப்போது தொடை தசைக்கான பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்தபடி காலையும் மாலையும் செய்கிறார்.